சொல்லாமல் கிளம்ப வேண்டிய வீடு

இது நடந்தது. என் மனைவி சாட்சி, என் அக்கா சாட்சி. ஆம்புலன்சில் வந்த இரண்டு பேரும் பாதிக்குச் சாட்சி. படித்து முடித்துவிட்டு "சும்மா கதை விடுறான்" என்று நீங்கள் சொன்னால் எனக்குக் கோபம் வராது. போன நவம்பருக்கு முன்னால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். யாராவது பேய்க் கதை ஆரம்பித்தால் கொட்டாவி விடுகிற ஆள் நான்.

என் பெயர் கேலப். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. அடுக்குமாடி புளோக்குகளில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே இருப்பவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். "கதவை இழுக்காதீங்க. காத்து வரும், மூச்சு முட்டாது. கீழ உட்காருங்க. நான் இங்கதான் இருக்கேன்." சிலர் அழுவார்கள். சிலர் கதவை உதைப்பார்கள். ஒரு பெட்டிக்குள் பத்து நிமிஷம் நிற்க இவ்வளவு கூத்தா என்று மனதுக்குள் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. மற்ற வீடுகளில் வெளியே கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லக்கூடாது, "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் "போயிட்டு வரேன்"தான் ஆகாது. செருப்பை மாட்டினோமா, நெற்றியில் சிலுவை போட்டோமா, "ஆண்டவர் துணை" என்றோமா, கிளம்பிவிட வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது ஒரு தடவை தெரியாமல் சொல்லிவிட்டேன். அப்பா கன்னத்தில் ஒன்று வைத்தார். ஏன் என்று கேட்டால், "சொன்னா கேளு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. சொந்தக்காரர்கள் மத்தியில் எங்களுக்கு மரியாதை தெரியாத குடும்பம் என்று பெயர்.

செரினாவைக் கட்டிய பிறகு அது தலைகீழானது. அவளும் கத்தோலிக்கப் பெண்தான். ஆனால் அவள் வீட்டில் குப்பை கொட்டப் போனாலும் "போயிட்டு வரேன்" சொல்ல வேண்டும். சொல்லாமல் கிளம்பினால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். பொங்கோலில் தனிக்குடித்தனம் வந்தபின் நானும் சொல்லப் பழகிவிட்டேன். அப்பா இருப்பது புக்கிட் பாஞ்சாங்கில், அக்கா நடாலியோடு. அவர் காதில் விழப்போவதில்லை என்ற தைரியம்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துச் செரினா உண்டானாள். அதில் என்னைவிட அக்காவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. நடாலி பள்ளிக்கூட டீச்சர். சும்மா இருக்கவே தெரியாதவள்.

"பிள்ளை பிறக்கிறதுக்குள்ள நம்ம ஆளுங்க எங்கெங்க இருந்தாங்கன்னு போய்ப் பார்த்துடணும்டா. நாளைக்குக் கேட்டா என்ன சொல்லுவ? புளோக் நம்பரா?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பிவிடுவோம். அப்பாவும் அம்மாவும் முதலில் வாடகைக்கு இருந்த கிளமெண்டி வீடு. அப்பா தன் பெரியம்மாவிடம் வளர்ந்த செம்பவாங் குவார்ட்டர்ஸ். போய்ப் பார்த்தால் ஒன்று சாலை, இன்னொன்று கார் நிறுத்துமிடம். அக்கா விடமாட்டாள். கார் நிறுத்துமிடத்தில் என்னை நிற்கவைத்து, "இங்கதான் அப்பா விளையாடியிருப்பாரு, சிரி" என்று படம் எடுப்பாள். என் பூர்வீகத்தில் பாதி இப்போது மஞ்சள் கோடு போட்டுக் கிடக்கிறது.

மிச்சமிருந்தது ஒரே இடம். அப்பா பிறந்த வீடு.

அப்பா ராயப்பனுக்கு எண்பத்தொரு வயது. அவருடைய அப்பா பெயர் இயேசுதாசன், அம்மா பெயர் அந்தோனியம்மாள். ஊரை ஜப்பான்காரன் பிடித்திருந்த போர்க்காலத்தில் இரண்டு பேரும் இறந்துவிட்டார்கள். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்கே இருந்தார்கள் என்று கேட்டால், "தேக்கா பக்கம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். அக்கா கோவில் அலுவலகத்தில் அவருடைய ஞானஸ்நானப் பதிவைத் தேடி முகவரியை எடுத்துவிட்டாள். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்து. சந்தின் பெயர் வேண்டாம், கீழே இன்றைக்கும் கடை நடக்கிறது. அந்தப் பழைய கடைவீட்டை இடிக்கவே இல்லை. அப்பாவிடம் நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு. பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. காலையிலிருந்தே முதுகு வலிக்கிறது என்று செரினா படுத்திருந்தாள்.

"நான் வேணா போகல," என்றேன்.

"சும்மா படுத்துத் தூங்கப் போறேன்லா. நீ போ. ஆறரைக்குள்ள வந்துடு, கேலப். தனியா இருக்க ஒரு மாதிரி இருக்கு."

"போயிட்டு வரேன்," என்றேன்.

நம் ஆட்களின் கடைத்தெருவான தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சொல்லவே வேண்டாம், நடக்க இடமில்லை. மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. நாங்கள் தேடிய வீட்டின் கீழே ஒரு பயணப்பெட்டிக் கடை. ஊருக்குப் போகிற தொழிலாளிகள் பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் ரத்னவேல். ஐம்பது வயதிருக்கும், நல்ல மனுஷன். விஷயத்தைச் சொன்னதும் மாடிப்படியைக் காட்டினார்.

"மேல ஒண்ணும் இல்ல தம்பி, ஸ்டாக்தான். போய்ப் பாருங்க. அந்த முன்பக்க ரூம் கதவை மட்டும் சாத்திடாதீங்க. உள்ளேருந்து திறக்க வராது. ஒரு பெட்டியை முட்டுக் கொடுத்து வச்சிருக்கேன்."

"கதவை மாத்திடலாமே அண்ணே?"

"நான் வாடகைக்காரன் தம்பி. இது பாதுகாக்கப்பட்ட கட்டடமாம். ஆணி அடிக்கவே அனுமதி வாங்கணும்."

படி செங்குத்தாக இருந்தது. ஏறியதும் அந்தக் கதவு. பச்சைப் பெயிண்ட் அடை அடையாக ஏறிய பழைய மரக்கதவு. வேலைப் புத்தி, கதவைப் பார்த்தால் முதலில் பூட்டைத்தான் பார்ப்பேன். தாழ்ப்பாள் மூன்று. மேலே, நடுவே, கீழே. மூன்றும் வெளிப்பக்கம். உள்பக்கம் ஒரு கைப்பிடிகூட இல்லை.

உள்ளே கூரை வரைக்கும் பெட்டிகள். ஜன்னலைப் பலகையால் அடைத்திருந்தார்கள். ஒரு டியூப் லைட் எரிந்தது. ஒரு மூலையில் மட்டும் பெட்டி எதுவும் அடுக்கவில்லை. அங்கே தரைப்பலகை ஈரமாக இருந்தது. மேலே பார்த்தேன். கூரையில் ஒழுகல் எதுவும் இல்லை. பக்கத்தில் குழாயும் இல்லை. ஈரத்துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்த மாதிரி ஒரு வாடை. ஏர்கான் தண்ணீராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அறையில் ஏர்கானே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அக்கா வளைத்து வளைத்துப் படம் எடுத்தாள். கண் கலங்கியிருந்தாள்.

"இங்கதான்டா அப்பா பிறந்தாரு. இது ஒண்ணாவது நிக்குதே." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நான் போய் டீ வாங்கிட்டு வரேன். உனக்குத் தே ஓ தானே, பால் இல்லாம?"

அவள் இறங்கிப் போனாள். நான் மட்டும் நின்றேன்.

கார் நிறுத்துமிடங்களில் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இங்கே ஏதோ செய்தது. என் அப்பா இந்தத் தரையில் கிடந்திருக்கிறார். இன்னும் மூன்று வாரத்தில் எனக்கும் ஒரு பிள்ளை. நவம்பர் இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற மாசம். ஒரு சிலுவை போட்டு, பார்த்தேயிராத அந்த இரண்டு பேருக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன். மனம் லேசானது. திரும்பி நடந்தேன். வாசல் தாண்டும்போது, செரினாவிடம் சொல்கிற அதே பழக்கத்தில், காலி அறையைப் பார்த்து வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சரி. போயிட்டு வரேன்."

"என்னங்க..."

முதுகுக்குப் பின்னால். மிக அருகில். இளம்பெண் குரல்.

செரினா என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். இருந்தாலும் பெண்டாட்டி கூப்பிடுகிற தோரணை புரியாதா? நான் திரும்பினேன். ஒரே ஒரு எட்டு உள்ளே வைத்தேன்.

கதவு சாத்திக்கொண்டது. சத்தமே இல்லை.

பிறகு வெளியே... டக். கொஞ்சம் விட்டு... டக். இன்னும் கொஞ்சம் விட்டு, கீழ்த் தாழ்ப்பாள்... டக்.

"அண்ணே!" என்று கத்தினேன். "அண்ணே, ஆள் உள்ள இருக்கேன்!"

பதில் இல்லை. அப்போதுதான் கவனித்தேன். கீழேயிருந்து வந்துகொண்டிருந்த பேரச் சத்தம், பாட்டு, கார் ஹார்ன் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில் ஒரு சத்தமும் இல்லை. போனைப் பார்த்தேன். மணி 5.20.

கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த பெட்டி என் பின்னால் நடு அறையில் நின்றது. நான் அதைத் தொடவில்லை.

சரி, பதறாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிறவன் நான். கதவிடுக்கில் விரல் நுழைகிறதா பார்த்தேன். நுழையவில்லை. கீல் வெளிப்பக்கம். பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினேன். மரம் கல்லாக இருந்தது. டியூப் லைட் இரண்டு தடவை கண் சிமிட்டியது. அணைந்தது.

போன் டார்ச்சைப் போட்டேன். கீழே உட்கார்ந்தேன். ஊருக்கெல்லாம் சொல்கிற பாட்டை எனக்கே வாய்விட்டுச் சொன்னேன்.

"காத்து வரும். மூச்சு முட்டாது."

மூலையிலிருந்து பதில் வந்தது.

"முட்டுது..."

டார்ச்சை அந்தப் பக்கம் திருப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இல்லை. உங்களுக்கும் வந்திருக்காது.

மூச்சுச் சத்தம் கேட்டது. இழுத்து... நிறுத்தி... பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக விடுகிற மூச்சு. வலியில் இருக்கிற ஆள் சத்தம் வெளியே வராமல் அடக்குகிற மூச்சு.

5.31. போன் அடித்தது. அக்கா.

"எங்கடா போன?"

"உள்ளதான் இருக்கேன். கதவு மாட்டிக்கிச்சு. வெளிய தாழ்ப்பாளைத் திற."

"எந்தக் கதவு? திறந்துதான்லா இருக்கு. நான் ரூம்ல நிக்கிறேன்."

"அக்கா, விளையாடாத."

"நீ விளையாடாத. ரெண்டு டீயும் கையில இருக்கு, சுடுது."

அப்போது எனக்குப் பக்கத்தில் பலகை கிறீச்சிட்டது. அக்காவின் ஹீல்ஸ் செருப்புச் சத்தம். என்னைச் சுற்றி நடந்தது. போனில் ஒரு தடவை, அறையில் ஒரு தடவை, ஒரே நேரத்தில் கேட்டது. கையை நீட்டினேன். காற்றுதான் இருந்தது.

"அக்கா... நான் உன் பக்கத்துலதான் இருக்கேன்."

அவள் குரல் மாறியது.

"கேலப். உன் பக்கத்துல மூச்சு வாங்குறது யாரு?"

லைன் அறுந்தது.

நான் கதவை உதைத்தேன். தோளால் இடித்தேன். ஜெபம் பாதியில் மறந்துபோனது. எந்த மனிதர்களை நினைத்துச் சிரித்தேனோ, அவர்கள் செய்த எல்லாவற்றையும் செய்தேன்.

5.40. மறுபடி போன்.

செரினா.

"கேலப்... வாட்டர் பேக் உடைஞ்சிடுச்சு. வலி நிக்க மாட்டேங்குது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டுட்டேன். எங்க இருக்க?"

"வந்துட்டே இருக்கேன்."

"எங்கன்னு கேட்டேன்."

"தேக்கா."

"பயமா இருக்கு. எந்திரிக்கக்கூட முடியல. நீ வந்துடுவல்ல?"

ஆறு வருஷம் காத்திருந்த பிள்ளை. அவள் தரையில் தனியாகக் கிடக்கிறாள். நான் ஒரு மரக்கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். பேய் பயம் அந்த நேரத்தில் எனக்கு இரண்டாம்பட்சம். அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம்தான் உயிரை எடுத்தது.

"வந்துடுவேன்," என்றேன்.

போன் அணைந்தது. பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது. ஆனாலும் அணைந்தது.

இருட்டு.

மூச்சுச் சத்தம் நின்றிருந்தது. என்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"யாரு?" என்று அந்தக் குரல் கேட்டது.

"என்... என் பொண்டாட்டி."

"மாசம் ஆயிருச்சா?"

"இன்னும் மூணு வாரம் இருக்கு."

"தனியாவா?"

"தனியாத்தான்."



"பூட்டிட்டு வந்தீங்களா?"

"இல்ல. பூட்டல. என்னை விடுங்க. கெஞ்சிக் கேக்குறேன். நான் போகணும்."

"போனா வரமாட்டீங்க."

"வருவேன். சத்தியமா வருவேன். அவகிட்டப் போகணும்."

"வரமாட்டீங்க..."

நான் அழுதேன். சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். "அவ ஒத்தையில கிடக்குறா. யாருமே இல்ல. ஏதாவது ஆயிடும்," என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். யாரிடம் சொல்கிறேன் என்பதே மறந்துவிட்டது.



அப்புறம்...

"நீங்க இருங்க. நான் போறேன்."

ஈரக் காலடி. சப்... சப்... சப்...

என்னைத் தாண்டிப் போனது. முழங்கையில் ஈரத் துணி பட்டது. சூடாக இருந்தது.

வெளியே தாழ்ப்பாள் மூன்றும் ஒவ்வொன்றாக விலகின. நான் பாய்ந்தேன்.

கதவு என் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.

டக்.

டக்.

டக்.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் இருந்த அறையில் நான் இருந்தேன். மூச்சு உண்மையாகவே முட்டியது. கத்தினேன், குரல் போனது. கொஞ்சநேரம் கழித்துக் கத்தவும் தோன்றவில்லை. இனி யாரும் வரமாட்டார்கள், நான் இங்கேயே இருக்க வேண்டியதுதான் என்று மனம் ஒத்துக்கொள்ளத் தொடங்கியது. அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. செரினா பெயரைச் சொல்லிக்கொண்டே சுவரில் சாய்ந்து கிடந்தேன்.

திடீரென்று கண் கூசியது.

டியூப் லைட் எரிந்தது. கீழே யாரோ பெட்டிக்குப் பேரம் பேசினார்கள். கதவு திறந்திருந்தது. முட்டுப் பெட்டி பழைய இடத்திலேயே இருந்தது. போன் தானாக உயிர் பெற்றது. மணி 7.12.

மூலையில் தரை காய்ந்திருந்தது. அந்த வாடை இல்லை. அறை காலியாகிவிட்டது என்று எனக்குப் பட்டது. அந்த நேரத்தில் அது நிம்மதியாக இருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் இறங்கினேன்.

ரத்னவேல் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த ரசீதைக் கீழே போட்டார்.

"தம்பி! மேலேயிருந்தா வரீங்க? நானும் உங்க அக்காவும் ஒவ்வொரு பெட்டியா நகர்த்திப் பார்த்தோமே! வீட்லேருந்து போன் வந்துச்சுன்னு அவங்க டாக்ஸி பிடிச்சு ஓடிட்டாங்க."

போனில் அக்காவின் குறுஞ்செய்தி ஒன்று இருந்தது. பெண் குழந்தை. இருவரும் நலம். ஆஸ்பத்திரி பெயர். நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதேன். யாரோ ஒரு தொழிலாளி தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் செரினா களைத்துப் போய்க் கிடந்தாள். குழந்தை பக்கத்தில் தூங்கியது. என்னைப் பார்த்ததும் அவள் திட்டவில்லை. சிரித்தாள்.

"நீ வராட்டியும் அந்த ஆண்ட்டியை அனுப்புன பாரு. அவங்க இல்லாட்டி நான் செத்திருப்பேன்."

"எந்த ஆண்ட்டி?"

"விளையாடாத. உன்கூடப் பேசிட்டு இருக்கும்போதே போன் கட் ஆச்சா... திரும்புறேன், ஹால்ல நிக்கிறாங்க. அக்கா சாவி குடுத்து அனுப்பியிருப்பாங்கன்னு நினைச்சேன். ஆண்ட்டின்னு சொல்றேன், பார்த்தா என்னைவிடச் சின்ன வயசு. சேலையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. காதுல பெரிய ஓட்டை, அந்தக் காலத்து ஆளுங்க மாதிரி. எல்லாத்தையும் அவங்கதான் செஞ்சாங்க. தொப்புள்கொடியைக் கூட நூலால கட்டுனாங்க."

"ஏதாவது சொன்னாங்களா?"

செரினாவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"உன்னைப் பத்திக் கேட்டேன். 'அவரைப் பூட்டி வச்சிருக்கேன். எங்கயும் போகமாட்டாரு, பயப்படாதே'ன்னாங்க. ஏதோ தமாஷ் பண்றாங்கன்னு நினைச்சேன்."

அக்கா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்புறம் ஆம்புலன்ஸ்காரங்க வந்து தட்டுனாங்க," என்றாள் செரினா. "நான் குரல் குடுக்கப் போனேன். என் வாயைப் பொத்திட்டாங்க, கேலப். நல்லா இறுக்கி. 'சத்தம் போடாதே, வெளிய பூட்ஸ் சத்தம் கேக்குது'ன்னு காதுல சொன்னாங்க. குழந்தையையும் மார்போட அணைச்சுக்கிட்டாங்க. அது ஒரு சத்தம் போடல."

அக்காதான் மீதியைச் சொன்னாள். அவள் போனபோது ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் வாசலிலேயே நின்றிருந்தார்கள். தட்டித் தட்டிப் பார்த்து, கதவை உடைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவளிடமிருந்த சாவியைப் போட்டும் கதவு திறக்கவில்லை. மூன்று பேரும் சேர்ந்து தள்ளினார்கள். உள்ளே செருப்பு அலமாரி கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தது. நானும் என் நண்பனும் சேர்ந்து தூக்கி வைத்த அலமாரி அது. ஹாலில் செரினாவும் குழந்தையும் மட்டும் இருந்தார்கள். குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றியிருந்தது. கொடியை யார் கட்டியது என்று ஆம்புலன்ஸ் பெண்மணி இரண்டு தடவை கேட்டாராம்.

மறுநாள் அப்பா வந்தார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டார். செரினா தூங்கியதும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தலை நிமிராமல் பேசினார்.

"பெரியம்மா சாகுறப்பதான் என்கிட்டச் சொன்னாங்க. எங்கப்பா வேலைக்குப் போறப்ப வெளிய தாழ்ப்பாள் போட்டுட்டுப் போவாராம். ஜப்பான்காரன் வீடு வீடா ஏறி இறங்குன காலம். வெளிய தாழ்ப்பாள் இருந்தா ஆள் இல்லன்னு போயிடுவான்ல, அதுக்காக. அன்னைக்கும் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. ரோட்டுலயே பிடிச்சு லாரியில ஏத்திட்டாங்க. சயாமுக்கு, தண்டவாளம் போட. அதோட சரி."

"உங்கம்மா?"

"நிறைமாசம். கீழ சிப்பாய் நடமாட்டம். கத்துனா உள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சிடும். கத்தல."

குழந்தையின் போர்வையைச் சரிசெய்தார்.

"பெரியம்மா வந்து திறக்க அஞ்சாறு நாள் ஆயிருச்சு. பிரசவம் ஆன அன்னைக்கே அம்மா போய்ட்டாங்க. உடம்பைப் பார்த்தவங்க அப்படித்தான் சொன்னாங்களாம்."

எனக்கு ஒன்று புரியவில்லை.

"அஞ்சாறு நாளா? அப்ப நீங்க எப்படிப்பா..."

அவர் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் பசியாறித் தூங்கிட்டு இருந்தேனாம்டா. உடம்புல அழுக்கு இல்லையாம். வாயோரத்துல பால் ஈரமா இருந்துச்சாம்."



என் மகளுக்கு இப்போது மூன்று மாசம். செரினாவுக்குச் சரியாகப் பால் சுரக்கவில்லை, பால்மாவுதான். அதையும் பகலில் கொஞ்சம்தான் குடிக்கிறாள். இரவில் எழுந்து அழுததே இல்லை. இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நண்பர்கள் வயிறெரிந்தார்கள். எங்களுக்குக் கவலை. போன வாரம் பாலிகிளினிக்குக்குத் தூக்கிப் போனோம். எடை போட்ட தாதி மறுபடியும் ஒரு தடவை போட்டுப் பார்த்தார். வயதுக்கு மேலேயே இருக்கிறதாம். நாங்கள் சொன்ன பால் கணக்கை அவர் நம்பவில்லை.

"இவ்ளோ குடிச்சா இந்த எடை வராதும்மா. ராத்திரியில எத்தனை தடவை குடுக்குறீங்க?"

செரினா என்னைப் பார்த்தாள்.

இரவில் நாங்கள் எதுவும் கொடுப்பதில்லை. ஆனால் தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, மகளின் வாயோரத்தைத் துடைத்துவிடுகிறோம்.